மூஞ்சூறுக்குப் பல் கட்டியவர்

திருவண்ணாமலையில் வாய்விட்டுச் சிரிக்கிற பெரியவர்களில் பாதிப்பேர் ஜானி பாஷாவின் பல்லைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள். அது அவர்களுக்கே தெரியாது. பல் கட்டிக்கொண்ட ஆளைக் கேட்டால் டாக்டர் பெயரைச் சொல்வார். டாக்டர் வாயில் மாவை அப்பி அளவெடுப்பதோடு சரி. அந்த அளவு ஒரு பாலித்தீன் பையில் ஏறி, செங்கம் ரோட்டில் டயர் கடைக்குப் பின்னாலிருக்கும் ஒற்றை அறைக்கு வந்து சேரும். அங்கே மெழுகு உருகி, பிளாஸ்டர் இறுகி, அக்ரிலிக் வெந்து, நாலாம் நாள் மேலும் கீழுமாக ஒரு முழுச் சிரிப்பு தயாராகிவிடும். அந்த அறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. முப்பத்தோரு வருடமாகக் கிடையாது.

ஜானி பாஷாவுக்கு முகம் மறந்துபோகும், கடி மறக்காது. பௌர்ணமிச் சாயங்காலங்களில் கிரிவலப் பாதை டீக்கடையில் உட்கார்ந்து, போகிற கூட்டத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். "அதோ மஞ்ச சட்டை. கீழ் வரிசை என்னுது. மேல எவனோ வெளியூர்க்காரன் செஞ்சிருக்கான், தூக்கினு நிக்குது பாரு" என்று டீ ஆற்றுகிறவரிடம் சொல்வார். இப்போது அவருக்கு ஐம்பத்தாறு வயது. ஆனால் பெண் பார்க்கப் போன அன்றும் இதே கதைதான். சுல்தானா வெட்கப்பட்டுச் சிரித்ததும், "கடி சுத்தமா இருக்கு" என்று சபையில் சொல்லிவிட்டார். மாமனார் சற்று யோசித்த பிறகுதான் சம்மதித்தார்.

அவருக்கு ஒரு வியாதி உண்டு. ஜோடியில்லாத பல்லைக் கண்டால் கை சும்மா இருக்காது. "மேல இல்லாத கீழ்ப்பல்லு வெறும் எலும்புதான். ரெண்டும் சேந்து கடிச்சாத்தான் பல்லு" என்பது அவர் கட்சி. கல்யாணமான புதிதில் பக்ரீத்துக்கு வந்த ஓர் ஆட்டுத்தலையை ஆராய்ந்து, ஆட்டுக்கு மேல்வரிசையில் முன்பல்லே கிடையாது என்று கண்டுபிடித்தார். அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. வேலையைப் பாதியில் விட்டுவிட்டார்களே என்று சொல்ல வாயெடுத்து, யாரைக் குறை சொல்கிறோம் என்று உறைத்ததும் மூன்று முறை தௌபா சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் போய்த்தான் கவிநிலா அந்தப் பல்லைக் கொடுத்தாள்.

கவிநிலா சென்னை ஆய்வகம் ஒன்றுக்காக வேலை செய்கிற பெண். ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில், வெளிநாட்டுக்காரர்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தாள். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கல் குவாரியில், பாறை இடுக்கு ஒன்றில் செம்மண் அடைந்து கிடந்தது. அதைப் பதினோரு மூட்டை கட்டிக்கொண்டு வந்து, மாடியில் பக்கெட் பக்கெட்டாகக் கழுவிச் சல்லடையில் அரித்துக்கொண்டிருந்தாள். மண்ணெல்லாம் போனபின் சல்லடையில் மிஞ்சும் பொடியை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பொறுக்கினால், அதில் பல் இருக்கும். எந்தக் காலத்திலோ அந்த இடுக்குக்கு மேல் உட்கார்ந்த ஆந்தைகள், தின்ற எலியையும் மூஞ்சூறையும் செரிக்காமல் கக்கி வைத்த பல். இரண்டு வருடமாக இதுதான் அவளுக்குப் பிழைப்பு. அக்கம்பக்கத்தில் அவள் தங்கம் அரிப்பதாக நம்பினார்கள்.

கிடைத்ததில் ஒரு பல் அவளைத் தூங்கவிடவில்லை. அதற்கு அச்சு எடுத்து இருபது நகல் வார்த்து மற்ற ஊர் ஆய்வாளர்களுக்கு அனுப்ப வேண்டும். பல் டாக்டர்கள் அளவெடுக்கும் அதே சிலிகான் பசைதான் இதற்கும் தோது. யாரோ ஒரு டாக்டர், டயர் கடைக்குப் பின்னால் போகச் சொன்னார்.

ஜானி பாஷா வழக்கம்போல லேப் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டார்.

"பேஷண்ட் பேரு?"

"பேஷண்ட் இல்ல பாய். மூஞ்சூறு."

"வயசு?"

"இருபதாயிரம் வருஷம் இருக்கும். கொஞ்சம் ஜாஸ்தியோ கம்மியோ."

வயதுக் கட்டத்தில் இரண்டு இலக்கத்துக்குத்தான் இடமிருந்தது. அவர் நுணுக்கி எழுதி ஐந்தையும் அடைத்துவிட்டார். ஆணா பெண்ணா என்றதற்கு அவளுக்குத் தெரியவில்லை. பல்லின் நிறம் என்ற இடத்தில் தாமே பார்த்து 'டிகாக்‌ஷன்' என்று போட்டுக்கொண்டார். பிறகு அவள் ஒரு சின்ன மாத்திரைக் குப்பியைத் திறந்து பல்லைக் காட்டினாள். எள்ளில் பாதி இருந்தது.

"இத்த வெச்சு இன்னாம்மா தெரியும்?"

"எல்லாம் தெரியும் பாய். எலும்பு மக்கிடும், பல்லு நிக்கும். ஒவ்வொரு இனத்துக்கும் மேடு பள்ளம் ஒவ்வொரு மாதிரி. நம்ம வீட்டு மூஞ்சூறுக்கு இந்த விளிம்பு மெலிசா இருக்கும். இதுல பாருங்க, வரப்பு மாதிரி தடிச்சிருக்கு. இந்த மாதிரி மூஞ்சூறு இப்ப பூமியில எங்கயும் இல்ல, அழிஞ்சுபோச்சு. ஆனா ஒரே ஒரு கீழ்ப்பல்ல வெச்சு புது இனம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. மேல்பல்லு ஒண்ணே ஒண்ணு கிடைச்சா போதும்."

இதை அவள் வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

அச்சு எடுத்து இருபது நகலையும் வார்க்க அவருக்கு ஒன்றரை நாள் பிடித்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து உட்கார்ந்தவர், ஒரு நகலை லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தார். மேட்டின் சரிவுகளில் இரண்டு இடம் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. மேலே இருந்த பல் உரசிய இடம். இங்கே இவ்வளவு தேய்ந்திருந்தால் எதிரே இருந்த மேடு இவ்வளவு உயரம், இந்தப் பக்கம் சாய்வு என்று அவருடைய கைக்கே தெரிந்துவிட்டது. நகலின் மேல் அக்ரிலிக்கைச் சொட்டுச் சொட்டாக வைத்து, இன்சுலின் ஊசி முனையால் செதுக்க ஆரம்பித்தார். மூச்சு விட்டால் பறந்துவிடும் என்று துணியால் வாயைக் கட்டிக்கொண்டார். நான்கு முறை பறந்தது. ஐந்தாவது பல்லைச் சனிக்கிழமை மதியம் டிகாக்‌ஷனில் கொதிக்க வைத்து நிறமேற்றி, கீழ்ப்பல் மேல் உட்கார வைத்தபோது, கடி கச்சிதமாக விழுந்தது. வாழ்க்கையில் இப்படி ஒரு பல் செய்ததில்லை என்று அவருக்கே தோன்றியது.

லேப் வழக்கம் என்னவென்றால், மேலும் கீழும் செட்டாகத்தான் கொடுப்பார்கள். அந்த வழக்கப்படி அவர் தம்முடைய மேல்பல்லை அசல் கீழ்ப்பல் இருந்த அதே குப்பியில் போட்டு, சீட்டில் 'வேலை முடிந்தது' என்று எழுதி வைத்துவிட்டு, கீழ்பென்னாத்தூருக்கு ஒரு செட் கொடுக்கப் பஸ் ஏறினார். கவிநிலா வந்தபோது சுல்தானாதான் எடுத்துக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது.

"பாய்! மேல்பல்லு கிடைச்சுடுச்சு! பொறுக்கற தட்டுலயே கிடந்துது பாய், எப்படி விட்டேன்னே தெரியல! கீழ்ப்பல்லோட அப்படியே பொருந்துது! உடனே வாங்க!"

அவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. நாம் செய்தது சரியா என்று அசலோடு ஒத்துப் பார்க்கலாமே என்றுதான் ஆட்டோ பிடித்து ஓடினார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். அது அவருடைய பல். அக்ரிலிக் பொடிசாக இருந்தால் தூசி மாதிரி எதிலாவது ஒட்டிக்கொள்ளும். குப்பியின் மூடியில் ஒட்டியிருந்தது, அவள் தட்டுக்கு மேலே மூடியைத் திறந்தபோது உதிர்ந்திருக்கிறது. அவளிடம் இதைச் சொல்ல அவர் நிமிர்ந்தார்.

"இந்த மூஞ்சூறு வகைக்கு சன்கஸ்னு பேரு பாய். புது இனத்துக்குக் கூட ஒரு பேரு வெக்கணும். உங்க பேரத்தான் வெக்கப்போறேன். சன்கஸ் பாஷாயி. நீங்க அச்சு எடுத்துக் குடுக்கலைனா இந்த வேலையே நடந்திருக்காது. திங்கக்கிழமை கட்டுரைய அனுப்பறேன். ஒருக்கா அச்சாயிடுச்சுன்னா உலகம் இருக்கற வரைக்கும் அந்தப் பேரு மாறாது."

அவர் தண்ணீர் கேட்டார். மூன்று டம்ளர் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதை அவர் ஏன் சொல்லவில்லை என்று கேட்பது நியாயம்தான். ஆசைப்பட்டார், அவ்வளவுதான். முப்பத்தோரு வருடம் ஊருக்கே பல் கட்டிய மனிதருக்கு, ஒரே ஒரு பல்லில் பெயர் வருகிறது என்றால் ஆசை வராதா? அவர் என்ன, மலைமேல் உட்கார்ந்திருக்கிற சாமியாரா?

அன்று மாலையே சுல்தானாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். அவள் வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டாள்.

"நீங்க செஞ்ச பல்லுதானே?"

"ஆமா."

"அப்ப உங்க பேரு வெக்கறாங்க. இதுல தப்பு இன்னா இருக்குது? ஊர்ல கல்யாண மண்டபத்துல சிரிக்கற பல்லெல்லாம் உங்களுது, ஒண்ணுலயாச்சும் பேரு இருக்குதா? இதுலயாவது இருந்துட்டுப் போவட்டும்."

மறுநாள் சுல்தானா தெருக்குழாயில் இரண்டு பேரிடம் சொல்ல, வியாழக்கிழமை காலை பரசுராமன் வந்து நின்றார். தெருப் பிள்ளையார் கோயில் விழாக்குழுத் தலைவர். அவர் வாயில் மேல்வரிசை முழுக்க ஜானி பாஷாவின் கைவேலை.

"இன்னா பாய், இம்மாம் பெரிய விஷயத்த மூடி வெச்சிருக்கீங்க? இருபதாயிரம் வருஷத்து மூஞ்சூறாமே. நம்ம பிள்ளையார் வாகனம்! சதுர்த்தி வேற வருது. ஃபிளெக்ஸ் அடிச்சாச்சு."

அடித்தே விட்டிருந்தார். தெருமுனையில் பன்னிரண்டு அடிக்கு நின்றது. ஒரு பக்கம் காளை மாட்டளவு மூஞ்சூறு, இன்னொரு பக்கம் ஆதார் அட்டைப் படத்தில் இருப்பதுபோல் திகைத்த முகத்தோடு ஜானி பாஷா. நடுவில், 'இருபதாயிரம் ஆண்டு மூஞ்சூறைக் கண்டெடுத்த எங்கள் பாய் அவர்களுக்கு விழாக்குழுவின் வாழ்த்துகள்.' மூஞ்சூறு சிரித்துக்கொண்டிருந்தது. அதன் வாயில் இருந்தது மனிதப் பல். அதைக்கூட ஜானி பாஷாவால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"பரசுராமன், ஒரு விஷயம். அந்த மேல்பல்லு பழசு இல்ல. நான் செஞ்சது" என்று துணிந்து சொல்லிவிட்டார்.

பரசுராமன் கொஞ்சம் யோசித்தார். முகம் மலர்ந்தது.

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. நம்ம மர வாகனத்துக்குக் கரையான் அரிச்சுப் பல்லே இல்ல. அதுக்கும் ஒரு செட்டு கட்டிடுங்க. ஆந்த தின்னுட்டுத் துப்புனதுன்னு வேற சொல்லிக்கறாங்க, மனசு ஒப்பல. புதுசுன்னா தீட்டும் கிடையாது."

உண்மையைச் சொன்னால் பெரிய பூகம்பம் வெடிக்கும் என்று பயந்துகொண்டிருந்தவருக்கு, சொல்லியும் ஒரு தூசுகூட அசையாதது பெரிய கஷ்டமாகிவிட்டது. மனிதர் யாரிடம் போய்க் குற்றவாளி ஆவது?

வெள்ளி, சனி இரண்டு நாளும் அவருக்கு வேலை ஓடவில்லை. பெயர் போகிறதே என்ற கவலை ஒரு பக்கம். அதைவிட வேறொன்று உள்ளே அரித்தது. இத்தனை வருடத்தில் கேட்காமல் யார் வாயிலும் அவர் பல் வைத்ததில்லை. செட் மாட்டியதும், 'கடிச்சுப் பாருங்க, உறுத்துதா?' என்று கேட்கச் சொல்லித்தான் டாக்டர்களிடம் கொடுத்தனுப்புவார். இந்தப் பேஷண்டிடம் எப்படிக் கேட்பது? நாளைக்கே மண்ணிலிருந்து அந்த மூஞ்சூறின் சொந்த மேல்பல் வந்தால், இவருடைய பல்லோடு ஒத்துப் பார்த்து, இது அது இல்லை என்று தள்ளிவிடுவார்கள். ஒரு காலத்தில் உயிரோடு ஓடி, கடித்து, ஆந்தைக்கு இரையாகி, இருபதாயிரம் வருடம் மண்ணுக்குள் காத்துக் கிடந்த ஜீவன் பொய்யாகிவிடும். டிகாக்‌ஷனில் வெந்தது மெய்யாகிவிடும். அதை நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போனார். மாடிப்படிக்குக் கீழே 'மௌனம் காக்கவும்' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. முற்றத்தில் ஏழெட்டு வெளிநாட்டுக்காரர்கள் கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வீட்டில் எதுவானாலும் கிசுகிசுப்பாகத்தான் பேசவேண்டும் என்பது வீட்டுக்காரரின் கண்டிப்பு. வாழ்நாளின் பெரிய குற்றத்தை ஜானி பாஷா கிசுகிசுத்துத்தான் ஒப்புக்கொண்டார்.

"அம்மா, அந்தப் பல்லு நான் செஞ்சது."

"தெரியும் பாய், நீங்கதானே அச்செடுத்தீங்க."

"அச்சு இல்லம்மா. அந்த மேல்பல்லே நான் செஞ்சது. கையால."

கவிநிலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். அவர் நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொன்னார்.

"முடியாது பாய்" என்றாள் அவள். "ஒன்றரை மில்லிமீட்டர். அதுல அத்தன முகடு, அத்தன சரிவு, தேய்மானம் உட்பட. மனுஷன் கையால செய்யவே முடியாது. நான் இத அஞ்சு நாளா பாத்துக்கிட்டிருக்கேன், எங்க புரொபசர் போட்டோ பாத்தாரு. உங்களுக்கு என் மேல ஏதாச்சும் வருத்தமா? பேரு வெக்கறது வேணாமா?"

ஜானி பாஷாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதன் கூடவே பெருமையும் வந்து தொலைத்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, "ஊசியக் காய்ச்சி வெச்சுப் பாக்கலாம். நிஜப் பல்லுன்னா ஒண்ணும் ஆவாது. அக்ரிலிக்னா இளகிடும்" என்றார்.

"லேசா, ஓரமா வெச்சா போதும்ல?"

"இவ்ளோ சின்னதுல ஓரம்னு ஒண்ணு இல்லம்மா. வெச்சா போச்சு."

பல் நிஜமாக இருந்தால் ஒன்றும் ஆகாது. ஆகிவிட்டால் இரண்டு வருட உழைப்பு போய்விடும். ஆனால் சந்தேகம் என்று ஒன்று வந்த பிறகு அதை அனுப்புகிற ரகம் இல்லை அவள். எழுந்துபோய் கேஸ் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

ஊசி சிவக்கும் நேரத்தில் ஜானி பாஷா கடைசியாக ஒருமுறை மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். வெளிச்சத்தில் அது அவ்வளவு அழகாக இருந்தது. ஒவ்வொரு முகடும் எந்த மூச்சில் செதுக்கியது என்று அவரால் சொல்ல முடியும். தாம் செய்தது என்று ஒருத்தி நம்ப வேண்டுமானால், செய்ததை எரித்துக் காட்ட வேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார். பிஸ்மில்லா சொல்லி ஊசியை வைத்தார்.

பல் ஒரு கணம் அப்படியே இருந்தது. பிறகு சுருண்டு, கருகி, தட்டோடு ஒட்டிக்கொண்டது. டயர் கடைக்குப் பின்னாலிருக்கும் அந்த அறையின் வாடை மாடி முழுக்கப் பரவியது.

கவிநிலா அந்தக் கறுப்புப் புள்ளியைப் பார்த்தாள். பிறகு அவருடைய கையைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நிஜமாவே நீங்கதான் செஞ்சீங்களா?" என்றாள்.

"ஆமாம்மா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைத் திறந்து, கட்டுரையின் தலைப்பிலிருந்த அவருடைய பெயரை அழித்தாள். அவர் அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். பிறகு ஒரு தடித்த பதிவேட்டை எடுத்தாள். கிடைத்த ஒவ்வொரு பல்லுக்கும் அதில் ஒரு எண். இதற்கு இருநூற்றுப் பதினான்கு.

"இதுல நம்பர் போட்டுட்டா அடிக்கக்கூடாது பாய். பல்லு போனாலும் வரி இருந்தாகணும். ஆய்வகத்துல இத காலத்துக்கும் பாதுகாப்பாங்க. அது இன்னாதுன்னு திருத்தி மட்டும் எழுதணும்."

எழுதி முடித்தாள். அவர் கண்ணாடியைக் கொண்டுவரவில்லை.

"இன்னா எழுதியிருக்கன்னு படிச்சுக் காட்டும்மா."

அவள் கிசுகிசுத்தாள்: "எண் இருநூற்றுப் பதினான்கு. மூஞ்சூறின் மேல்பல் அல்ல. அக்ரிலிக். செய்தவர் ஜானி பாஷா, திருவண்ணாமலை."

"கடைசி வரிய மட்டும் கொஞ்சம் சத்தமா படிம்மா" என்றார்.

அவள் சத்தமாகவே படித்தாள். கீழே முற்றத்திலிருந்து யாரோ 'ஷ்ஷ்' என்றார்கள். அவள் இன்னொரு முறையும் படித்தாள்.